உள்ளே புகையுது: கோபம் என்ற சொல்லின் வேர் தேடி

இந்த முறை ஒரு சொல்லாராய்ச்சி. 'புகை', 'கோபம்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம். நம் வீட்டுப் பேச்சிலேயே இவை சேர்ந்துதான் இருக்கின்றன. "அவளுக்கு நல்ல வேலை கிடைச்சதுல இவனுக்கு உள்ளே புகையுது" என்கிறோம். "ரெண்டு குடும்பத்துக்கும் நடுவுல கொஞ்ச நாளா புகைச்சல்" என்கிறோம். அங்கே யாரும் அடுப்பு மூட்டவில்லை, சாம்பிராணி போடவில்லை. ஆனாலும் புகை என்றதும் கேட்பவருக்கு விஷயம் விளங்கிவிடுகிறது.

இதைத் தேடிப் படிக்க வைத்தது பாயான் லெப்பாசில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் வந்த இரண்டு கேள்விகள். ஒன்றைக் கேட்டது படிவம் நான்கு படிக்கும் ஒரு தங்கை. "அண்ணே, கோபப்படவே கூடாதுன்னு சொல்றீங்க. அப்புறம் காளியம்மா மட்டும் ஏன் அவ்ளோ கோபமா இருக்காங்க?" இன்னொன்றைக் கேட்டவர் என்னைவிட மூத்தவர். தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் வேலை பார்ப்பவர். அவர் கேள்விக்குப் பின்னால் வருகிறேன். அதற்குப் பதில் சொல்ல எனக்குச் சொற்களின் கதை கொஞ்சம் தேவைப்பட்டது. நான் தமிழ் இலக்கியம் படித்தவன் இல்லை, இயந்திரப் பொறியியல் மாணவன். அதனால் இடையிடையே அடுப்பு, எரிபொருள் என்று போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புகை. இது சுத்தமான தமிழ்ச் சொல், அதன் உறவுக்காரர்கள் தென்னாடு முழுக்க இருக்கிறார்கள். மலையாளத்தில் புக, தெலுங்கில் பொக, கன்னடத்தில் பொகெ என்று இருந்து இப்போது ஹொகெ. புகையிலைக்குத் தெலுங்கில் பொகாகு என்பார்கள், அதே புகை, அதே இலை. வினைச்சொல்லாக 'புகைதல்' என்று பார்த்தால் அகராதிகள் புகை எழுவதோடு நிற்பதில்லை. சினத்தால் உள்ளே வேவது, பொறாமையில் வாடுவது என்ற பொருளையும் தருகின்றன. அதாவது மனசுக்குள் புகைவது என்பது நேற்று வந்த சினிமா வசனம் அல்ல, பழைய வழக்கு.

கவனிக்க வேண்டியது, தமிழில் கோபத்துக்கான சொற்களில் பாதி அடுப்படியிலிருந்து வந்தவை. எரிச்சல், கொதிப்பு, பொங்குதல், காய்தல், கனல்தல், வெடித்தல் என்று வரிசையாகச் சொல்லலாம். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. பால் பொங்கினால் எல்லாருக்கும் தெரியும், பானை வெடித்தால் தெரு முழுக்கக் கேட்கும். புகைச்சல் அப்படிக் கிடையாது. "அவன் மேல எனக்குக் கொதிக்குது" என்பவன் இன்றைக்கே போய்ச் சண்டை போட்டுவிடுவான். "அவனுக்கு உள்ளே புகையுது" என்றால் அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான், கல்யாணத்துக்கு மொய்கூட எழுதுவான். வெளியே வராத கோபத்துக்கு நம் முன்னோர் தனியாக ஒதுக்கி வைத்த சொல் அது.

தொல்காப்பியத்தின் உரியியலில் ஒரு குறிப்பு இருக்கிறது. கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொற்களும் வெகுளியைக் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும் என்று அந்த இலக்கணம் சொல்கிறது. கண் சிவந்தது என்றால் கோபம், இது நமக்குத் தெரியும். கறுப்பு எப்படிக் கோபம்? இன்னும் பேச்சில் மிச்சம் இருக்கும் சொல்லைக் கேளுங்கள்: "பத்து வருஷமா கறுவிக்கிட்டே இருக்கான்." கறுவுதல் என்றால் மனதில் வைத்து வைத்து வளர்த்த வன்மம். முகம் கறுத்தது என்கிறோமே, அதுவும் அந்தப் பக்கம்தான். சிவப்பு, தீ எரியும்போது தெரிகிற கோபம். கறுப்பு, கரி படிந்து போன கோபம். இந்தக் கடைசி இரண்டு வரி என்னுடைய ஊகம், இலக்கணம் அப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் புகைக்கூண்டு கறுத்திருப்பதைப் பார்த்த எவருக்கும் இந்த ஊகம் தோன்றும் என்று நினைக்கிறேன்.

இப்போது கொஞ்சம் என் பாடம். விறகை நெருப்பில் வைத்தால் விறகு நேராக எரிவதில்லை. சூட்டில் அதிலிருந்து வாயுக்கள் கிளம்பும், அந்த வாயுக்கள் காற்றோடு சேர்ந்து எரிவதைத்தான் சுடர் என்கிறோம். சூடு போதவில்லை அல்லது காற்று போதவில்லை என்றால், கிளம்பிய வாயுவும் கரித்துகளும் எரியாமலே வெளியேறும். அதுதான் புகை. சுருக்கமாகச் சொன்னால் புகை என்பது எரிந்து முடியாத எரிபொருள். வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தவுடன் திரியிலிருந்து வெள்ளைப் புகை கோடு போட்டு எழும். அந்தப் புகையில், திரியைத் தொடாமல் கொஞ்சம் மேலே, தீக்குச்சியைக் காட்டுங்கள். நெருப்பு புகை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அணைந்தது என்று நாம் நினைத்தது அணையவில்லை.

தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார்களுக்கு இது பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். அடுப்பு புகைந்தால் அவர்கள் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், ஊதாங்குழலை எடுத்து ஊதுவார்கள். காற்று போனதும் புகை குறைந்து சுடர் பிடிக்கும். அதே தோட்டத்தில் இன்னொன்றும் தெரியும். ரப்பர் ஷீட்டைப் புகையில் போட்டுத்தான் காயவைப்பார்கள், பூஞ்சணம் பிடிக்காமல் நாளெல்லாம் இருக்கும். மீனும் அப்படித்தான், இறைச்சியும் அப்படித்தான். புகையில் வைத்த பொருள் சீக்கிரம் கெடாது. பத்து வருஷக் கறுவு ஏன் கெடாமல் இருக்கிறது என்று இதை எழுதும்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு நம்பிக்கையும் எங்கள் ஊரில் உண்டு. பாயான் லெப்பாஸ் சுங்கை குளுவாங்கில் இருக்கும் சீனர்களின் பாம்புக் கோயிலுக்கு உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள். சோர் சூ கோங் என்ற துறவிக்காக 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கோயில். அங்கே மரக்கிளைகளில் பச்சை நிற விரியன்கள் சுருண்டு கிடக்கும். ஊதுபத்திப் புகையில் அவற்றின் சீற்றம் அடங்கிவிடுகிறது என்பது மக்கள் நம்பிக்கை. சீற்றம் என்ற சொல்லையும் பாருங்கள்: பாம்பு 'சீ' என்று சீறுகிற ஓசையும் கோபமும் அங்கே ஒரே சொல். உயிரியல் படித்தவர்கள் சொல்வது வேறு. இந்த வகை விரியன் இயல்பிலேயே பகலில் அசையாமல் கிடக்கும், இரவில்தான் வேட்டை, அதுவும் ஓடிப் பிடிக்காமல் இரை பக்கத்தில் வரும்வரை காத்துக் கிடந்து. அடங்கிக் கிடப்பதும் அசையாமல் கிடப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கோயில் நம்பிக்கையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. புகைச்சலில் இருக்கும் ஆளும் அப்படித்தான் அமைதியாகத் தெரிவான் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, கோபம் என்ற சொல்லுக்கு வருவோம். பேச்சில் கோவம், கோவிச்சுக்கிட்டான் என்கிறோம். இது வடமொழிச் சொல், 'குப்' என்ற வேரிலிருந்து பிறந்தது. இந்த வேருக்கு முதல் பொருள் கோபம் அல்ல, கலங்குதல், குமுறுதல். ரிக்வேதம் 2ஆம் மண்டலத்தில் இந்திரனைப் போற்றும் ஒரு சூக்தம் (2.12) இருக்கிறது. அதில் இந்திரன் நிலைகொள்ளாமல் ஆடிய மலைகளை அடங்கச் செய்தான் என்று வருகிறது. அந்த மலைகளுக்குப் போட்டிருக்கும் அடைமொழி 'பிரகுபித', நம் கோபத்தின் அண்ணன். மலை யார் மேல் கோபப்படும்? குமுறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வைத்தியத்திலும் இந்தப் பழைய பொருள் தங்கியிருக்கிறது. பித்த கோபம், வாத கோபம் என்று நாட்டு வைத்தியர் சொன்னால் பித்தம் நம்மிடம் சண்டைக்கு வருகிறது என்று அர்த்தமில்லை, அது தன் அளவு மீறிக் கலங்கிவிட்டது என்று அர்த்தம்.

வடமொழிக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உறவு உண்டு என்பது பள்ளியிலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். 'குப்' என்பதற்கு அந்தப் பக்கம் யார் உறவு என்று தேடினால் ஆச்சரியமாக இருக்கிறது. கிரேக்கத்தில் கப்னோஸ், பொருள் புகை. லத்தீனில் வாப்போர், பொருள் நீராவி, ஆங்கிலத்தில் வேப்பர் என்பது அதிலிருந்து வந்ததுதான். லிதுவேனிய மொழியில் க்வாபஸ், மூச்சு, மணம். பழைய சொற்பிறப்பியல் அகராதிகள் இவற்றையெல்லாம் 'புகைதல், கொதித்தல், மனம் குமுறுதல்' என்ற ஒரே வேரின் கீழே வைக்கின்றன. இதில் கப்னோசையும் வாப்போரையும் சேர்ப்பதை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பலமாக நிற்கும் உறவு இன்னொன்று: லத்தீன் கூப்பியோ, 'ஆசைப்படுகிறேன்' என்று பொருள். காதல் கடவுள் க்யூபிட் பெயர் அங்கிருந்து வந்தது. கையில் அம்பு வைத்திருக்கும் அந்தக் குண்டுப் பிள்ளையும் நம் கோபமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இதைப் படித்தபோது எனக்குக் கீதைதான் ஞாபகம் வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் (3.37) கண்ணன் பகைவனை அடையாளம் காட்டும்போது ஆசை இது, கோபம் இது என்று இரண்டையும் ஒன்றாகவே சுட்டுகிறான். அங்கே கோபத்துக்கு அவன் சொல்லும் சொல் குரோதம், அது வேறு வேர். ஆனால் ஆசையும் கோபமும் ஒன்றின் இரு முகம் என்ற எண்ணம், ஒரு பழைய வேர்ச்சொல்லுக்குள்ளும் கிடக்கிறது என்பது எனக்கு லேசான விஷயமாகப் படவில்லை.

புகை கோபமானதற்கு இதைவிடத் தெளிவான சான்றும் உண்டு. வடமொழியில் புகைக்குத் தூமம். லத்தீனில் அதுவே ஃபூமுஸ், ஆங்கிலத்தில் ஃபியூம். ஆங்கிலத்தில் ஒருவன் 'ஃபியூம்' ஆகிறான் என்றால் புகைகிறான், அதாவது கோபத்தில் இருக்கிறான். கிரேக்கத்தில் இதே சொல் தூமோஸ். ஹோமர் காலத்திலேயே அது புகை என்ற பொருளை விட்டுவிட்டு நெஞ்சில் எழும் உயிர்ப்பு, துணிவு, சினம் என்று ஆகிவிட்டது. பிளாட்டோ மனதை மூன்று பகுதியாகப் பிரித்தபோது நடுப்பகுதிக்கு வைத்த பெயர் இந்தச் சொல்லில் இருந்துதான். அநியாயத்தைக் கண்டால் பொங்குகிற பகுதி அது. நம் பக்கம் தூமம் கோபமாகவில்லை. தூமகேது ஆகி வால்நட்சத்திரத்துக்கும் பிள்ளையாரின் திருநாமங்களில் ஒன்றுக்கும் போனது. ஆனால் தூபம் இருக்கிறதே, அது தமிழில் ஒரு வேலை செய்கிறது. "அவன் சும்மா இருந்தாலும் இவன் தூபம் போட்டுக்கிட்டே இருக்கான்" என்கிறோம். சாமிக்குப் போடும் தூபத்தைச் சண்டைக்குப் போட்டது தமிழன் மூளை. மூட்டிவிடுகிறான் என்பதும் இதே ரகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புகை, ஃபியூம் இரண்டும் ஓசையில் கொஞ்சம் ஒத்து வருகின்றன, உடனே ஒன்றிலிருந்துதான் இன்னொன்று என்று புலனக் குழுவில் அனுப்பிவிடாதீர்கள். புகை திராவிடக் குடும்பம், ஃபியூம் வேறு குடும்பம். ஓசை ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டினால் என்ன ஆகும் தெரியுமா? மழைக்காலத்தில் வரும் சிவப்புத் தம்பலப்பூச்சிக்கு இலக்கியத்தில் இந்திரகோபம் என்று பெயர். தமிழில் எழுதினால் அதே கோபம். ஆனால் அது 'இந்திரகோப', இந்திரனைக் காவலாகக் கொண்டது என்ற பொருள், வேறு எழுத்து, வேறு வேர். பாவம் அந்தப் பூச்சிக்கு யார் மேலும் கோபம் இல்லை. எனக்குப் பெரிதாகப் படுவது, உறவே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் தனித்தனியாக யோசித்து ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கின்றன என்பதுதான். கோபத்தை உணர்ந்த மனிதன் எங்கே இருந்தாலும் அவனுக்குப் புகை ஞாபகம் வந்திருக்கிறது.

இனி அந்த இரண்டாவது கேள்வி. அந்த அண்ணன் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். வேலை இடத்தில் மேற்பார்வையாளர் பத்துப் பேர் முன்னால் அவரைத் திட்டியிருக்கிறார், தவறு அவருடையது இல்லை. பதில் பேசவில்லை. வீட்டில் அம்மா சோறு வடிக்கக் கொஞ்சம் தாமதம். தட்டைத் தூக்கி எறிந்துவிட்டார். "அம்மா ஒண்ணும் சொல்லல தம்பி. குனிஞ்சு சோத்தைப் பொறுக்குனாங்க. நான் ஏன் அப்படிச் செஞ்சேன்னு எனக்கே தெரியல" என்றார். வகுப்பில் யாரும் பேசவில்லை.

கீதையில் 3.36ஆம் சுலோகத்தைத் திறந்து பாருங்கள். அர்ச்சுனன் கேட்பது இதே கேள்வி: விருப்பம் இல்லாமலே, யாரோ பிடித்துத் தள்ளியது போல மனிதன் ஏன் பாவம் செய்கிறான்? அதற்கு வரும் பதிலில்தான் (3.38) புகை வருகிறது. நெருப்பைப் புகை மூடுவது போல, கண்ணாடியை அழுக்கு மூடுவது போல, கருவைக் கருப்பை மூடுவது போல அறிவை இது மூடிவிடுகிறது என்கிறான் கண்ணன். சிலர் இதை மூன்று படியாக விளக்குவார்கள். புகைக்கு ஒரு காற்று போதும், கண்ணாடியைத் துடைக்க உழைப்பு வேண்டும், கருவுக்குக் காலம் வேண்டும். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, இங்கே நெருப்பு யார் என்பது. நாம் எப்போதும் கோபத்தையே நெருப்பு என்று நினைக்கிறோம். கீதையின் இந்த உவமையில் நெருப்பு நம் அறிவு. கோபம் அதை மறைக்கும் புகை மட்டும்தான். தட்டை எறிந்த நேரத்திலும் அந்த அண்ணனின் அறிவு அணைந்து போகவில்லை, மூடியிருந்தது. அணைந்திருந்தால் அவர் வந்து கேட்டிருக்கவே மாட்டார்.

சரி, நெருப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? நம் தர்க்க சாத்திரத்தில் இதுதான் முதல் பாடம். மலையில் புகை தெரிகிறது, ஆகவே மலையில் நெருப்பு உண்டு. நெருப்பில்லாமல் புகையாது என்று நாமும் சொல்கிறோம், மலாய்க்காரர்களும் ஆப்பி, ஆசாப் என்று இதே பழமொழியை வைத்திருக்கிறார்கள். ஆனால் தர்க்க நூலார் நம்மைவிடக் கவனமானவர்கள். ஏதோ ஒரு புகையைப் பார்த்தால் போதாது, அடி அறுபடாமல் அந்த இடத்திலிருந்தே எழும் புகையாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். காரணம் பினாங்குக்காரர்களுக்கு உடனே புரியும். 2015லும் 2019லும் புகைமூட்டத்தால் நம் பள்ளிகளை மூடினார்களே, அந்தப் புகை இங்கே கிளம்பியதா? நெருப்பு பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில். இருமல் இங்கே. கண் எரிச்சல் இங்கே. பாலத்தில் நின்றால் எதிர்க்கரை தெரியவில்லை. நெருப்பு ஓர் இடம், புகை இன்னோர் இடம்.

அம்மாவின் சமையலறையில் எழுந்த புகைக்கு நெருப்பு அந்தச் சமையலறையில் இல்லை. அது தொழிற்சாலையில் மூட்டப்பட்டது. திருவள்ளுவர் இதை ஏற்கனவே பார்த்துவிட்டார். வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளைப் (301) படியுங்கள். நம் கோபம் எங்கே பலிக்குமோ அங்கே அடக்குபவன்தான் உண்மையில் அடக்குபவன், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன அடக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார். மேற்பார்வையாளரிடம் நாம் வாயை மூடிக்கொள்வது பொறுமை இல்லை, வேலை போய்விடுமே என்ற பயம். நம் கோபம் பலிக்கும் இடம் அம்மா, தங்கை, தம்பி. அடக்கம் வேண்டியது அங்கே.

புகைமூட்டம் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். சுமத்ராவில் வாரக்கணக்கில் எரிவது பெரும்பாலும் காடு மட்டும் அல்ல, காட்டுக்கு அடியில் இருக்கும் மண். ஆயிரக்கணக்கான வருடங்களாக மட்கிய செடிகொடிகளால் ஆன சதுப்பு மண் அது. கால்வாய் வெட்டி நீரை வடித்துக் காயவிட்டால் அந்த மண்ணே எரிபொருள் ஆகிவிடும். சுடர் தெரியாது, மண்ணுக்குள்ளேயே கனன்று கொண்டு நகரும். மேலே தண்ணீர் ஊற்றினால் மேல்பகுதி மட்டும் அணையும். அடியில் நீர்மட்டம் உயர வேண்டும், அப்போதுதான் அது அடங்கும். குறைந்த காற்றில் இப்படி மெல்ல எரிவது, சுடர்விட்டு எரிவதைவிட அதிகப் புகையும் அதிக நச்சுவாயுவும் தரும். "கோபத்தை முழுங்கிடு" என்று தம்பிகளுக்கு அறிவுரை சொல்கிற நாம் இதை யோசிக்க வேண்டும். விழுங்குவது என்பது மண்ணுக்கு அடியில் தள்ளுவது.

ஆனால் இதைச் சாக்காக வைத்து, மனசில் பட்டதையெல்லாம் கொட்டிவிடலாம் என்றும் சொல்ல முடியாது. சரக சம்ஹிதை சூத்திரஸ்தானத்தின் 7ஆம் அத்தியாயம் தும்மல், கொட்டாவி, பசி, கண்ணீர் போன்ற 13 உடல் வேகங்களை அடக்கக் கூடாது என்று தடுக்கிறது. அதே அத்தியாயம் பேராசை, பயம், கோபம் போன்ற மனதின் வேகங்களைத் தாங்கிக்கொள்ளச் சொல்கிறது. கீதையும் (5.23) ஆசையாலும் கோபத்தாலும் எழும் வேகத்தைப் பொறுக்கக் கூடியவனே யோகி என்கிறது. தாங்குவதும் பொறுப்பதும் சுமையைக் கையில் வைத்திருப்பவன் செய்கிற வேலை, புதைப்பது வேறு. கையில் இருப்பது என்ன, யார் கொடுத்தது என்று அவனுக்குத் தெரியும். எங்கே இறக்கி வைக்க வேண்டும் என்பதும் தெரியும். அந்த அண்ணனிடம் நாங்கள் கடைசியில் பேசியதும் இதைத்தான். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. வீட்டுக்குள் நுழையும் முன் அம்மாவிடம், "இன்னிக்கு வேலையில ஒருத்தன் அவமானப்படுத்திட்டான்மா, கொஞ்ச நேரம் என்கிட்ட பேசாதீங்க" என்று சொல்ல முடியுமா? திட்டின ஆளிடம் மறுநாள், பத்துப் பேர் இல்லாத நேரத்தில், நடந்ததைச் சொல்ல முடியுமா? அல்லது மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க முடியுமா? "முதலாவது முடியும், ரெண்டாவது யோசிக்கணும்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

தங்கையின் காளியம்மன் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வெகுளியை வைக்கிறது, அது பிறக்கும் இடம் நான்கு என்கிறது: உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு செய்தல், அடித்தும் வைதும் அலைத்தல், கொலை. நான்குமே கொடுமைகள். காபி ஆறிப்போனது, கைப்பேசியில் நீல டிக் வந்தும் பதில் வரவில்லை, இதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. தேவி மாகாத்மியத்துக்கு வாருங்கள். மகிஷன் செய்த கொடுமையைக் கேட்டுத் தேவர்களுக்குக் கோபம் வருகிறது. அது அவர்களுக்குள் புகைந்து கிடக்கவில்லை, முகங்களிலிருந்து ஒளியாக வெளிப்பட்டு, ஒன்றுசேர்ந்து, அம்பிகையாக உருவெடுத்தது. பின்னால் சண்டன், முண்டன் வரும்போது அம்பிகையின் முகம் கோபத்தில் மைபோலக் கறுத்து, நெற்றியிலிருந்து காளி வெளிப்படுகிறாள். செய்ய வேண்டிய வேலை எதுவோ அதைச் செய்கிறாள்.

அதற்கு முந்தின அத்தியாயத்தில் (6ஆவது) ஓர் அசுரன் வருகிறான். சும்பனின் சேனாபதி, தேவியின் கூந்தலைப் பிடித்து இழுத்து வா என்று அனுப்பப்பட்டவன். பெயர் தூம்ரலோசனன். புகைநிறக் கண்ணன் என்று அர்த்தம். புகை படிந்த கண்ணால் பார்த்தவனுக்கு எதிரே நிற்பது யார் என்று தெரியவில்லை. தேவி ஆயுதம் எதையும் எடுக்கவில்லை, 'ஹும்' என்று ஓர் ஓசை எழுப்பினாள், அவன் சாம்பல். நவராத்திரியில் இந்தக் கதை வரும்போது இனி அந்தப் பெயரைக் கவனியுங்கள்.

மலாயில் கோபத்துக்குப் புகையைவிடக் காற்றுதான் பிடித்த உவமை. "நாயெக் ஆஙின்" என்பார்கள், காற்று ஏறிவிட்டதாம். உள்ளே வைத்திருந்த ஆத்திரத்தைக் கொட்டித் தீர்ப்பதற்கு "லெப்பாஸ் கெராம்". லெப்பாஸ் என்றால் விடுதல், விடுபடுதல். பாயான் என்றால் பச்சைக்கிளி. எங்கள் ஊர்ப் பெயரிலும் அதே லெப்பாஸ்தான், விடுபட்ட கிளி. கூட்டைத் திறந்து கிளியை விடுவதற்கும், அம்மா மேல் தட்டை விடுவதற்கும் மலாயில் ஒரே வினைச்சொல் போதுமானதாக இருக்கிறது.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், முடிந்தால் தோட்டத்தில் வளர்ந்த பாட்டி தாத்தாவிடம், கோபத்துக்கு அவர்கள் என்னென்ன சொல் சொல்வார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். என் பாட்டி ஒன்று சொன்னார்: "உம்முனு இருக்கான்." அது எந்த அடுப்பிலிருந்து வந்தது என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.